ஒரு மொழி, பல காலக்கணக்குகள்: வட்டார வணிக உடன்படிக்கைகளும் தமிழ் மின்னூல்களின் பதிப்புரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்கள் இன்று எண்ணிம வடிவில் நாட்டெல்லை கடந்து வாசிக்கப்படுகின்றன. அவற்றின் பதிப்புரிமையோ நாட்டுக்கு நாடு வேறுபட்ட காலக்கணக்கில் அமைந்துள்ளது. இவ்வேறுபாட்டைக் களையும் நோக்குடன் வட்டார வணிக உடன்படிக்கைகள் வகுத்த விதிகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விதிகள் உரிமையாளரின் பாதுகாப்பைச் சீராக்கிய அளவுக்கு ஆய்வாளர், நூலகம், வாசகர் ஆகியோருக்கான விதிவிலக்குகளைச் சீராக்கவில்லை என்பதையும், அந்த இடைவெளியைக் குறைக்கத் தமிழ்ப் பதிப்பியல் ஆற்றக்கூடிய பணி எது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, வணிக உடன்படிக்கை, நாட்டுடைமை, மின்னூலகம், பொதுக்களம், நிகழ்த்துநர் உரிமை, பதிப்பியல்

முன்னுரை

பழனிமலைத் தொடரின் மேல்மலைப் பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கிளாவரை. முனைவர் பட்ட ஆய்வுக்காக அங்கு வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தபோது இக்கட்டுரைக்குரிய வினா எழுந்தது. முதிய பெண்மணி ஒருவர் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து, வெளிநாட்டிலிருந்து இயங்கும் மின்னாவணக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்ப முற்பட்டேன். காப்பகத்தின் படிவம், ‘இப்படைப்பின் உரிமையாளர் யார்? எந்நாட்டுச் சட்டம் இதற்குப் பொருந்தும்?’ என்று வினவியது. அதனை அப்பெண்மணிக்கு எடுத்துச் சொன்னபோது, “எங்க அம்மாச்சி பாடுனது கண்ணு, இதுக்கு யாரு கையெழுத்துப் போடுறது?” என்று திருப்பிக் கேட்டார். அதே வீட்டில் அவருடைய பெயர்த்தி கைப்பேசியில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அக்கோப்பும் வெளிநாட்டு வழங்கி ஒன்றிலிருந்தே வந்திருந்தது.

ஒரே வீட்டிலிருந்து ஒரு பாடல் வெளியே செல்கிறது; ஒரு புதினம் உள்ளே வருகிறது. இரண்டும் தமிழே. எனினும் இரண்டும் கடந்து செல்லும் சட்டங்கள் பல. இச்சட்டங்களை ஒன்றுக்கொன்று இணங்கச் செய்யும் முயற்சி கடந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பாலும் வணிக உடன்படிக்கைகளின் வழியாகவே நடந்துள்ளது. அம்முயற்சியால் தமிழ் ஆய்வுலகம் பெற்றது யாது, இழந்தது யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

சொல் விளக்கம்

தமிழில் ‘காப்புரிமை’ என்னும் சொல் புத்தாக்கங்களுக்கான உரிமையையும் நூலுக்கான உரிமையையும் குறிக்க மயங்கி வழங்குகிறது. இக்கட்டுரையில் நூல், இசை, ஒலிப்பதிவு முதலியவற்றுக்கான உரிமை ‘பதிப்புரிமை’ எனப்படுகிறது. உரிமைக்காலம் முடிந்தோ, உரிமையாளர் விட்டுக்கொடுத்தோ எவரும் பயன்படுத்தத்தக்க நிலையை அடைந்த படைப்புகள் ‘பொதுக்களத்தில்’ உள்ளன எனப்படும். உரிமைக்காலம் நீடிக்கும்போதே ஆய்வு, கல்வி, திறனாய்வு போன்ற நோக்கங்களுக்காகச் சட்டம் வழங்கும் இசைவு ‘விதிவிலக்கு’ எனப்படும்.

பெர்ன் முதல் டிரிப்ஸ் வரை

பதிப்புரிமைக்கான பன்னாட்டு அடித்தளம் 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையாகும். ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் என்பதே அது வகுக்கும் குறைந்த அளவு. இதனினும் மிகுதியாக வழங்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. உலக வணிக அமைப்பு 1995ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தொடங்கியபோது அதன் அங்கமான டிரிப்ஸ் உடன்பாடு பெர்ன் விதிகளை வணிக விதிகளாக்கியது. அதுவரை பண்பாட்டுத் துறைக்குரியதாகக் கருதப்பட்ட பதிப்புரிமை, மீறினால் வணிகத் தடைக்கு ஆளாக்கத்தக்க பொருளாயிற்று.

இணையத்தின் வருகைக்கேற்ப 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பு இரண்டு உடன்படிக்கைகளை உருவாக்கியது. ஒன்று ஆசிரியர் உரிமை பற்றியது. மற்றொன்று நிகழ்த்துநர், ஒலிப்பதிவாளர் உரிமை பற்றியது. இந்தியா இவ்விரண்டிலும் இணைந்து, அவை 2018ஆம் ஆண்டு திசம்பர் 25 முதல் இந்தியாவைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னரே, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எண்ணிமச் சூழலுக்கேற்ப மாற்றப்பட்டிருந்தது.

இந்தியச் சட்டத்தின் காலக்கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்றே வகுத்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுக்களத்தை எய்தவிருந்த வேளையில் அது 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. இவ்வாறு ஒரு கவிஞரை முன்னிட்டு நிகழ்ந்த மாற்றம் இந்திய மொழிகள் அனைத்தின் ஆசிரியர்களுக்கும் பொதுவாயிற்று.

வட்டார உடன்படிக்கைகள் காலத்தை நீட்டிய முறை

டிரிப்ஸ் வகுத்த குறைந்த அளவுக்கு மேலாகப் பாதுகாப்பை உயர்த்த விரும்பிய நாடுகள் இருதரப்பு, வட்டார உடன்படிக்கைகளை நாடின. ஐரோப்பிய ஒன்றியம் 1993ஆம் ஆண்டின் நெறிமுறை வழியாகவும் அமெரிக்கா 1998ஆம் ஆண்டின் சட்டம் வழியாகவும் 70 ஆண்டுகளை ஏற்றன. பின்னர் அந்த அளவு உடன்படிக்கைகளின் வழியாகப் பிற நாடுகளுக்குப் பரவியது. தமிழர் வாழும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இப்பரவலின் போக்குத் தெளிவாகும்.

சிங்கப்பூர் அமெரிக்காவுடன் செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்படிக்கை 2004ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக அவ்வாண்டு சூலை முதல் அந்நாட்டின் உரிமைக்காலம் 50இலிருந்து 70 ஆண்டுகளாயிற்று. ஆத்திரேலியாவும் அமெரிக்காவுடனான உடன்படிக்கையை ஒட்டி 2005இல் அவ்வாறே மாற்றியது. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகியவற்றுக்கிடையே 2020இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி கனடா 2022ஆம் ஆண்டு திசம்பர் 30 முதல் 70 ஆண்டுகளுக்கு மாறியது. இலங்கை 2003ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டத்தில் 70 ஆண்டுகளை ஏற்றது.

மலேசியாவின் நிலை வேறு. பசிபிக் கூட்டாண்மைக்கான முதல் வரைவு 70 ஆண்டுகளைக் கட்டாயமாக்கியிருந்தது. 2017இல் அமெரிக்கா அதிலிருந்து விலகிய பின் எஞ்சிய நாடுகள் அக்கூறினை நிறுத்திவைத்தன. தொழில்நுட்பப் பூட்டுகள் பற்றிய கடுமையான கூறும் அவ்வாறே நிறுத்திவைக்கப்பட்டது. 2022 நவம்பரில் அவ்வுடன்படிக்கை மலேசியாவில் நடைமுறைக்கு வந்தபோதும் அந்நாடு 50 ஆண்டுகளிலேயே நின்றது. வலிய தரப்பு ஒன்று விலகியதும் அது முன்வைத்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டமை, இத்தகைய சீராக்கம் பேரவலிமையின் விளைவு என்பதை உணர்த்துகிறது.

இந்தியா ஆசிய வட்டாரப் பொருளாதாரக் கூட்டாண்மைப் பேச்சிலிருந்து 2019 நவம்பரில் விலகியது. 2022இல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கை 70 ஆண்டுகளைக் கட்டாயமாக்கவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 2000ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ள தடையற்ற வணிக உடன்படிக்கை சரக்கு வணிகத்தைப் பற்றியது, பதிப்புரிமையைத் தொடவில்லை. தமிழ் நூல் நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து சென்றுவந்த இரு கரைகளுக்கிடையே அந்நூலின் உரிமை குறித்துத் தனி உடன்பாடு இல்லை என்பது கருதத்தக்கது.

ஒரு புதினம், ஒரு நாள்: இரு சான்றுகள்

இக்காலக்கணக்குகள் தமிழ் நூல்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைக் கல்கியின் படைப்புகளைக் கொண்டு காணலாம். கல்கி 1954ஆம் ஆண்டு திசம்பர் 5 அன்று மறைந்தார். உரிமைக்காலம் ஆண்டின் இறுதிவரை கணக்கிடப்படும். மலேசியாவின் கணக்கிலும் அன்றைய கனடாவின் கணக்கிலும் அவருடைய நூல்கள் 2004 இறுதியோடு பொதுக்களத்தை எய்தின. இந்தியாவின் கணக்கில் அந்நாள் 2014 இறுதி. ஆனால் 1990களின் பிற்பகுதியிலேயே தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியது. இலங்கையின் 70 ஆண்டுக் கணக்கை அப்படியே பொருத்தினால் அந்நாள் 2024 இறுதி. சிங்கப்பூரிலும் அதுவே. அங்கு மாற்றம் 2004 சூலையில் வராமல் ஆறு மாதம் தாமதித்திருந்தால், 2004 இறுதியிலேயே உரிமை முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கணக்கு இவை அனைத்தினின்றும் வேறானது. டிரிப்ஸை நிறைவேற்ற அந்நாடு இயற்றிய 1994ஆம் ஆண்டுச் சட்டம், 1996ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தாய்நாட்டில் உரிமை நீடித்திருந்த வெளிநாட்டு நூல்களுக்கு அமெரிக்காவிலும் உரிமையை மீட்டளித்தது. அவ்வாறு மீட்கப்பட்ட பழைய நூல்களுக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்பது அளவு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. நாட்டுடைமையைக் கணக்கிற்கொள்ளாமல் அமெரிக்கச் சட்டத்தை மட்டும் பொருத்தினால், அதன் பகுதிகளுக்கு 2045 முதல் 2049 வரை உரிமை நீடிக்கும். ஆக, ஒரே புதினத்துக்கு 2004க்கும் 2049க்கும் இடையே 45 ஆண்டு வேறுபாடு தோன்றுகிறது.

உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இதனினும் வியப்பளிப்பது. ஐயர் 1942இல் மறைந்தார். பழைய 50 ஆண்டுக் கணக்கு நீடித்திருந்தால் 1992 இறுதியில் உரிமை முடிந்து, 1996இல் அமெரிக்காவில் மீட்கப்படுவதற்கு ஏதும் எஞ்சியிராது. தாகூரை முன்னிட்டு இந்தியா நீட்டித்த பத்தாண்டே அமெரிக்காவில் அத்தொடருக்கு 2030களின் நடுப்பகுதிவரை உரிமை தொடர வழிவகுத்தது. ஒரு நாட்டின் திருத்தம் மற்றொரு நாட்டில் எதிர்பாராத விளைவை உண்டாக்குவதற்கு இஃது ஒரு சான்று.

இராஜாஜியின் நூல்கள் இரண்டாம் சான்று. அவர் 1972ஆம் ஆண்டு திசம்பர் 25 அன்று மறைந்தார். கனடாவின் பழைய கணக்கில் அவர் நூல்களின் உரிமை 2022 திசம்பர் 31 அன்று முடிந்திருக்க வேண்டும். புதிய விதி அதற்கு முந்தைய நாளில் நடைமுறைக்கு வந்தது. 1971இல் மறைந்த ஓர் ஆசிரியரின் நூல் 2022 சனவரி முதல் அந்நாட்டில் எவருக்கும் உரியது. 1972இல் மறைந்தவரின் நூலோ கனடாவின் கணக்கில் 2042 இறுதிவரை காத்திருக்கும். இந்தியாவில் இராஜாஜியின் நூல்களுக்குரிய காலம் 2032 இறுதிவரை.

இத்தகைய மோதல்களைத் தணிக்கப் பெர்ன் உடன்படிக்கையில் ஒரு வழி உள்ளது. உரிமை கோரப்படும் நாட்டின் சட்டம் வேறாகக் கூறினாலன்றி, தாய்நாட்டில் உள்ள காலத்தினும் மிகுதியான காலம் அளிக்கப்படாது என்பது அதன் ஏழாம் உறுப்பு. இதனைக் ‘குறைகால விதி’ எனலாம். இந்தியச் சட்டத்தின் 40ஆம் பிரிவும் வெளிநாட்டு நூல்களுக்கு இவ்விதியையே பின்பற்றுகிறது. எனவே மலேசியத் தமிழ் எழுத்தாளரின் நூலுக்கு இந்தியாவில் 50 ஆண்டுகளும், ஈழத்து எழுத்தாளரின் நூலுக்கு 60 ஆண்டுகளும் பொருந்தும். அமெரிக்கா இவ்விதியைப் பின்பற்றுவதில்லை. அதனால் மேற்காட்டிய வேறுபாடுகள் குறைகால விதியால் முழுமையாக நீங்குவதில்லை.

பூட்டும் விதிவிலக்கும்

காலம் மட்டுமன்றி, எண்ணிமச் சூழலுக்கேயுரிய மற்றொரு கூறு தொழில்நுட்பப் பூட்டு. மின்னூலைப் படியெடுக்கவோ அச்சிடவோ இயலாதவாறு தடுக்கும் அமைப்பை இது குறிக்கும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பெரிதும் குற்றமாக்கியது. அந்த அணுகுமுறை அதன் வணிக உடன்படிக்கைகளிலும் இடம்பெற்றது. இந்தியா 2012இல் சேர்த்த 65-அ பிரிவு வேறு வழியைக் கொண்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைத்தாலே அது குற்றம். சட்டம் இசைவளித்த செயலுக்காக உடைத்தால் குற்றமன்று. பழைய மின்தட்டில் பூட்டப்பட்ட அகராதி ஒன்றை ஆய்வாளர் தம் ஆய்வுக்குத் திறப்பதை இந்தியச் சட்டம் இவ்வாறு காக்கிறது.

இந்தியாவின் 52ஆம் பிரிவு தமிழாய்வுக்கு இன்றியமையாத விதிவிலக்குகளைக் கொண்டுள்ளது. ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் நூலைப் பயன்படுத்தலாம். வணிக நோக்கமற்ற பொதுநூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுக்கலாம். இவ்விசைவின் விரிவை 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் பல்கலைக்கழகப் படியெடுப்பு வழக்கில் உறுதிசெய்தது. ஆசிரியர் மறைந்தோ அறியப்படாமலோ போன நூல்களை வெளியிட உரிமம் பெற 31-அ பிரிவு வழிவகுக்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுப்பதற்குத் தனி விதிவிலக்கு அளிக்கிறது. தமிழ்ச் சொல்லடைவுகளையும் தரவகங்களையும் உருவாக்குவோர்க்கு இது பெரும்பயன் தரும். ஆனால் இந்தியாவின் விதிவிலக்குச் சிங்கப்பூருக்குச் செல்லாது. சிங்கப்பூரின் விதிவிலக்கு இந்தியாவுக்கு வாராது.

உடன்படிக்கைகளின் வினைமுற்றுகளை நோக்கினால் இந்நிலைக்கான காரணம் புலனாகும். பசிபிக் உடன்படிக்கையிலும் ஆசிய வட்டார உடன்படிக்கையிலும் உரிமையாளருக்கான பாதுகாப்பை நாடுகள் ‘வழங்க வேண்டும்’. உரிமைக்கும் விதிவிலக்குக்கும் இடையே தகுந்த சமநிலை ஏற்படவோ அவை ‘முயல வேண்டும்’. முன்னது ஏவல் போன்றது. பின்னது வியங்கோள் போன்றது. ஏவலை மீறினால் வழக்கு உண்டு. வியங்கோள் நிறைவேறாவிடின் வருத்தம் மட்டுமே உண்டு. சீராக்கம் என்று பெயர்பெற்ற இம்முயற்சி ஒரு தட்டில் மட்டும் எடையைச் சேர்த்த துலாக்கோலாய் நிற்பதற்கு இவ்வினை வேறுபாடே மூலம்.

நாட்டுடைமை: தமிழ்நாட்டின் தனிவழி

உரிமைக்காலம் முடியக் காத்திராமல் படைப்பைப் பொதுவாக்கும் வழியைத் தமிழ்நாடு நெடுங்காலமாகப் பின்பற்றிவருகிறது. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்த நிலையில் எழுந்த மக்கள் கோரிக்கையை ஒட்டி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் பதிப்புரிமையைப் பெற்றது. பின்னர் அவ்வுரிமை மக்களுக்கே விடப்பட்டது. இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ளார். பாரதிதாசனின் படைப்புகள் 1990இலும் அண்ணாவின் படைப்புகள் 1995இலும் நாட்டுடைமையாயின. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தவர். இயல்பான கணக்கில் 2008 இறுதிவரை நீடித்திருக்க வேண்டிய உரிமை 2002இல் நாட்டுடைமையால் விடுபட்டது. எண்ணிமத் தமிழின் வளர்ச்சிக்கு இக்கொள்கை அளித்த ஊட்டம் பெரிது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தமிழ் விக்கிமூலம் ஆகியவற்றின் தொகுப்புகளில் நாட்டுடைமை நூல்களுக்குச் சிறப்பான இடம் உண்டு.

எனினும் ‘நாட்டுடைமை’ என்னும் சொல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. அச்சட்டம் அறிந்தவை இரண்டே: உரிமையை மற்றொருவருக்கு மாற்றித்தருதல், உரிமையைத் துறத்தல். நாட்டுடைமையை உரிமை மாற்றமாகக் கருதினால் 19ஆம் பிரிவின் விதிகள் குறுக்கிடும். உரிமை மாற்ற ஆவணத்தில் நிலப்பரப்புக் குறிக்கப்படாவிடின் அம்மாற்றம் இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்றும், காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு மட்டும் செல்லுபடியாகும் என்றும் அப்பிரிவு ஊகித்துக்கொள்கிறது. 1994ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் நிகழ்ந்த மாற்றங்களுக்கு இவ்விதிகள் உரியவை. எனவே நிலப்பரப்பையும் காலத்தையும் வெளிப்படையாகக் குறிக்காத ஓர் ஆவணம், அயல்நாட்டு மின்னூலகத்தின் முன்னிலையில் வலுவிழந்து போகக்கூடும். நாட்டுடைமை ஆணையின் நோக்கம் தமிழர் அனைவருக்கும் உரியது. அதன் சொல்லமைப்பும் அதற்கு ஈடாக அமைதல் வேண்டும்.

முதற்பதிப்பின் முகப்புப் பக்கம்

குறைகால விதி செயற்பட ‘தாய்நாடு எது’ என்பது தெரிந்திருக்க வேண்டும். பெர்ன் உடன்படிக்கையின்படி தாய்நாடு என்பது ஆசிரியர் பிறந்த நாடன்று. நூல் முதலில் வெளியான நாடு. முப்பது நாள்களுக்குள் பல நாடுகளில் வெளிவந்தால் அவற்றுள் குறைந்த உரிமைக்காலம் உள்ள நாடே தாய்நாடாகும்.

இவ்விதி தமிழ் நூல்களுக்கு மிகுந்த முக்கியத்துவம் உடையது. ஈழத்து ஆசிரியர் எழுதிச் சென்னையில் முதலில் வெளியான நூல்கள் பல. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூல்களும் அவ்வாறே. 1982இல் மறைந்த க. கைலாசபதியின் நூல்களுள் கொழும்பில் முதலில் வெளிவந்ததும் சென்னையில் முதலில் வெளிவந்ததும் வெவ்வேறு தாய்நாடுகளைக் கொண்டவை. தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் ஆக்சுபோர்டில் வெளிவந்ததால் அதன் தாய்நாடு பிரித்தானியா. ஒரே ஆசிரியர், மூன்று தாய்நாடுகள்.

ஆகவே, ஒரு நூலின் முதற்பதிப்பு எங்கு, எப்போது வெளிவந்தது என்னும் வினா சட்ட வினாவாகவும் ஆகிறது. அதற்கு விடையளிக்கும் அறிவு தமிழ்ப் பதிப்பியலாரிடமும் நூலடைவாளரிடமும் உள்ளது. இதழில் வந்த தொடரா, நூலாக வந்த முதற்பதிப்பா, மறுபதிப்பா என்று பிரித்தறியும் பயிற்சி நம் துறையின் அன்றாடப் பணி. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஆகியவற்றின் தொகுப்புகள் அப்பணிக்குரிய மூலங்கள். ஆயினும் மின்னூலடைவுகளில் ஆசிரியர் மறைந்த ஆண்டையும் முதல் வெளியீட்டு இடத்தையும் தவறாது குறிக்கும் வழக்கம் இன்னும் நிலைபெற வேண்டியதாகவே உள்ளது.

மலைப்பாட்டுக்கு உரியவர்

இனிக் கிளாவரைப் பாடலுக்கு மீளலாம். வழிவழியாக வந்த பாடலுக்கு அறியப்பட்ட ஆசிரியர் இல்லை; ஆதலால் பாடலின் சொற்களுக்கு இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. இந்தியாவில் அத்தகைய பிரிவு இல்லை.

இதனால் பாடியவருக்கு உரிமையே இல்லை எனக் கருதுவது பிழை. 1996ஆம் ஆண்டின் நிகழ்த்துநர் உடன்படிக்கை நாட்டார் வழக்காறுகளை நிகழ்த்துவோரையும் நிகழ்த்துநர் என்றே கொள்கிறது. இந்தியச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. பாடலை ஒலிப்பதிவு செய்யவும் மின்வடிவில் சேமிக்கவும் மக்களுக்குப் பரப்பவும் இசைவளிக்கும் உரிமை 38-அ பிரிவின்படி பாடியவருக்கே உண்டு. தம்மை நிகழ்த்துநராக அடையாளம் காட்டுமாறு கோரவும் திரிபைத் தடுக்கவும் 38-ஆ பிரிவு உரிமை தருகிறது. கள ஆய்வில் தொகுத்த பாடல்களைத் தொகுப்பாளர் பெயரில் மட்டும் வெளியிடுவது நம் துறையில் நெடுங்கால வழக்கம். ஒலிக்கோப்பு இணையத்தில் ஏறும் இக்காலத்தில் அவ்வழக்கம் அறத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் மாறானதாகிவிடும். “யாரு கையெழுத்துப் போடுறது?” என்னும் வினாவுக்கு விடை ‘நீங்கள்தாம்’ என்பதே. அவ்விடையை அறிந்தபின் படிவத்தின் செய்திகளை அவருக்குத் தமிழில் படித்துக்காட்டி, ஒப்பாரியைத் தவிர்த்துத் தாலாட்டை மட்டும் அனுப்புமாறு அவர் சொன்னபடியே செய்தேன். ஒப்பாரி அவருடைய கணவருக்காகப் பாடப்பட்டது.

ஒத்திசைவுக்கு மற்றொரு வழி

விதிவிலக்குகளைப் பன்னாட்டளவில் சீராக்க இயலாது என்னும் கருத்துக்கு 2013இல் உருவான மராக்கேசு உடன்படிக்கை மறுப்பாக நிற்கிறது. பார்வைக் குறைபாடுடையோர் வாசிக்கத்தக்க வடிவில் நூல்களை உருவாக்கவும், அப்படிகளை நாடுகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளவும் அது இசைவளிக்கிறது. அதனை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. இங்கு விதிவிலக்கு ‘முயல வேண்டும்’ என்னும் நிலையிலிருந்து ‘வழங்க வேண்டும்’ என்னும் நிலைக்கு உயர்ந்தது. சென்னையில் உருவாகும் பிரெயில் வடிவ நூலைக் கொழும்பில் உள்ள வாசகர் பெற இது வழிவகுக்கிறது.

இம்முன்மாதிரியைக் கொண்டு நான்கு பரிந்துரைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, தமிழ் மின்னூலகங்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து செய்திகளைப் பொதுவான வடிவில் பதிவு செய்தல் வேண்டும்: ஆசிரியர் மறைந்த ஆண்டு, முதல் வெளியீட்டு இடம், முதல் வெளியீட்டு ஆண்டு, தொடராக வந்திருப்பின் இதழின் பெயர், நாட்டுடைமையாயின் ஆணையின் நாள். இதற்கு எந்த உடன்படிக்கையும் தேவையில்லை.

இரண்டாவது, இனி வரும் நாட்டுடைமை ஆவணங்களில் ‘உலகம் முழுமைக்கும், உரிமைக்காலம் முழுமைக்கும்’ என்னும் தொடர் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். முன்னர் வந்தவற்றுக்கு விளக்க ஆணை ஒன்று போதுமானது.

மூன்றாவது, இந்தியா இலங்கையுடனும் பிற நாடுகளுடனும் செய்யவிருக்கும் உடன்பாடுகளில், குறைகால விதி, நாட்டுடைமையின் பரிமாற்ற ஏற்பு, நூலகங்களுக்கிடையிலான பாதுகாப்புப் படிகளின் பரிமாற்றம் ஆகிய மூன்றையும் கட்டாயக் கூறுகளாகச் சேர்க்கக் கல்வித்துறை கோர வேண்டும். உரிமைக்காலத்தை 70 ஆண்டாக்கும் கோரிக்கை எழுமாயின், அதனால் தமிழாய்வுக்கு நேரும் இழப்பைச் சான்றுகளோடு எடுத்துரைக்கவும் வேண்டும்.

நான்காவது, கள ஆய்வு செய்யும் ஒவ்வொரு மாணவரும் பாடியவரின் இசைவைத் தமிழில் பெற்று ஆய்வேட்டுடன் இணைத்தலைத் தமிழ்த்துறைகள் நெறியாக்க வேண்டும்.

முடிவுரை

வட்டார வணிக உடன்படிக்கைகள் பதிப்புரிமையைச் சீராக்கின என்னும் கூற்று பாதி உண்மையே. உரிமைக்காலம் மேல்நோக்கிச் சீரானது. பூட்டுகளுக்கான பாதுகாப்பும் பரவியது. ஆய்வாளர், ஆசிரியர், நூலகர், நாட்டார் கலைஞர் ஆகியோருக்குரிய விதிகள் நாட்டெல்லைகளுக்குள்ளேயே தங்கிவிட்டன. தமிழ் ஒரு நாட்டின் மொழியாக மட்டும் இல்லாமையால் இக்குறை தமிழுக்குக் கூடுதலான சுமையாகிறது. உடன்படிக்கைகளை மாற்றுவது அரசுகளின் பணி. நூலின் முதற்பதிப்பைக் கண்டறிந்து பதிவு செய்வதும், பாடியவரின் பெயரையும் விருப்பத்தையும் காப்பதும் தமிழ்த்துறைகளின் பணி. முன்னது நிகழும்வரை பின்னது காத்திருக்க வேண்டியதில்லை.